மூடிக்குள் காத்திருக்கும் ஸ்லாட்டுகள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஜேவி-1080 சிந்தசைசரில் வாசிக்கக் கட்டைகளே கிடையாது. ரேக்கில் திருகி மாட்டும் பெட்டி அது. வேறொரு கீபோர்டை மிடி கேபிளால் இணைத்தால் பியானோவாகவும் வயலின் கூட்டமாகவும் பேசும். தொண்ணூறுகளின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அது நிலைத்துவிட்டதற்கு, மூடிக்குள் காலியாக விடப்பட்ட நான்கு ஸ்லாட்டுகளே பெரிய காரணம் என்பேன்.

ஜேவி குடும்பத்துக் கருவிகள் ஒலியைப் பதிவுகளிலிருந்து உருவாக்குகின்றன. அசல் வாத்தியங்களின் ஒலித் துணுக்குகள் நினைவகச் சில்லில் இருக்கும். கட்டையை அழுத்தியதும் துணுக்கு உரிய சுருதியில் எழும். ஃபில்டர் அதன் கூர்மையை மழுக்கும். என்வலப் அது எழுவதையும் அடங்குவதையும் வகுக்கும். இப்படி அமையும் ஓர் அடுக்கு, டோன். நான்கு டோன்கள் வரை சேர்ந்தால் ஒரு பேட்ச்.

ஜேவி-1080-இன் சொந்த ஒலிக் கிடங்கு 8 மெகாபைட்தான். அன்று நினைவகச் சில்லுகள் விலை மிகுந்தவை. எல்லா ஒலியையும் எல்லோர் தலையிலும் கட்ட முடியாது. அந்த ஸ்லாட்டுகளில் செருகும் எஸ்ஆர்-ஜேவி80 என்ற விரிவாக்க போர்டுகள் இதற்கு விடையாயின. ஒவ்வொன்றிலும் 8 மெகாபைட் புதிய ஒலிகளும் ஆயத்த பேட்ச்களும் உண்டு. ஆர்கெஸ்ட்ரா, பியானோ, டெக்னோ, ஆசிய வாத்தியங்கள் என அவரவர் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். பழைய அனலாக் கருவிகளின் ஒலிகளைத் தாங்கிய 'விண்டேஜ் சிந்த்' போர்டு எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்றை மறக்கக் கூடாது: போர்டு ஒலி வகைகளைத்தான் கூட்டும், கருவியின் வலுவைக் கூட்டாது. ஜேவி-1080 ஒரே நேரத்தில் 64 குரல்கள் எழுப்பும். நான்கு டோன் கொண்ட பேட்சில் ஒரு சுரத்துக்கே நான்கு குரல் செலவாகும். ஆக 16 சுரங்களோடு கணக்கு முடிந்தது. எத்தனை போர்டு செருகினாலும் இது மாறாது.

1992-இல் வந்த ஜேவி-80 கீபோர்டில் இருந்தது ஒரே ஸ்லாட். 1997-இன் ஜேவி-2080-இல் எட்டு. கட்டைகளோடு வேண்டியவர்களுக்கு எக்ஸ்பி-50, எக்ஸ்பி-80 கிடைத்தன. 2000-இல் வந்த எக்ஸ்வி-5080, நான்கு பழைய போர்டுகளுக்கும் நான்கு புதிய எஸ்ஆர்எக்ஸ் போர்டுகளுக்கும் இடம் தந்தது. வாடிக்கையாளர் சேர்த்த போர்டுகளை வீணாக்காத அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும். எஸ்ஆர்எக்ஸ் போர்டு மட்டும் ஜேவி-1080-இல் பொருந்தாது.

பழைய ஜேவி ஒன்றை வாங்குவதாக இருந்தால், உள்ளே என்னென்ன போர்டுகள் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். திரை வெளிச்சம் மங்கியிருக்கிறதா, நாம் சேமிக்கும் பேட்ச்களைக் காக்கும் உள் பேட்டரி புதிதா என்றும் பாருங்கள். மூடியைத் திறக்கும்முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.