கரியை எரிக்கும் வடிகட்டி

நாகல் நகரிலிருந்து பேருந்து நிலையம், அங்கிருந்து பேகம்பூர், நடுவில் பிள்ளைகளை விட ஒரு பள்ளி, சாயங்காலம் வீடு. ஒரு டீசல் கார் இப்படியே மாதக்கணக்கில் திண்டுக்கல் ஊருக்குள் சுற்றினால், ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். குழாய் போன்ற படம், அதற்குள் சில புள்ளிகள். "ஃபில்டர் போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொல்வார்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பதற வேண்டாம். டீ ஆறுவதற்குள் அந்த ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களுக்கு பிஎஸ் 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி. ஐந்தாம் படியில் கால் வைக்காமலே நான்கிலிருந்து ஆறுக்குத் தாவினோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம் என்றிருந்தது, 4.5 மில்லிகிராம் ஆனது. அந்த அளவைத் தொடுவதற்காக வந்ததுதான் டிபிஎஃப் என்னும் துகள் வடிகட்டி. பீங்கான் போன்ற ஒரு கட்டி. அதில் நீளவாக்கில் ஏராளமான மெல்லிய குழல்கள். ஒரு குழலுக்கு வாய் திறந்து கடைசி அடைத்திருக்கும். பக்கத்துக் குழலுக்கு வாய் அடைத்துக் கடைசி திறந்திருக்கும். உள்ளே வந்த புகைக்கு வேறு வழியில்லை, சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்துதான் அடுத்த குழலுக்குப் போக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும்.

தங்கிய கரியை என்ன செய்வது? அதை எரித்துத் தீர்க்கும் வேலைக்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். ஊருக்குள் ஓடும் காரின் புகை அதில் பாதி சூடுகூட எட்டாது. நெடுஞ்சாலையில் ஓடும்போது, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வினையூக்கி உதவுவதால், 250 முதல் 400 டிகிரிக்குள்ளேயே கரி மெல்ல மெல்லக் கரைகிறது. அதுவும் போதாதபோது காரின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அந்த டீசல் வினையூக்கியில் எரிந்து சூட்டை 600 டிகிரிப் பக்கம் கொண்டுபோகும். பத்து, இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

எல்லோரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். "ஹைவேயில நல்லா விரட்டுங்க, அடைச்ச கரியெல்லாம் பறந்துடும்" என்பார்கள். பறக்காது. காற்றோடு வெளியே போய்விடும் என்றால் அது வடிகட்டியே இல்லையே. விறகடுப்பை நினைத்துக்கொள்வோம். அடுப்பில் கரி குறைவது காற்று அடித்துப்போவதால் அல்ல, கனன்று வாயுவாகிவிடுவதால். ஃபில்டருக்குள்ளும் அதேதான். அதற்கு வேண்டியது வேகமல்ல, விடாமல் நிற்கும் சூடு. வாசலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை உறுமவிடுவதால் பயனில்லை. 110-இல் பறக்கவும் வேண்டாம். கரூர் போகும் நான்குவழிச் சாலையில் 65, 70-இல், ஒரு கியர் குறைத்து, இன்ஜின் 2000 சுற்றுக்கு மேல் ஓடும்படி வேடசந்தூர் வரை போய்வந்தால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். டீசல் ரிசர்வில் இருக்க வேண்டாம், பல கார்களில் அப்போது ரீஜெனரேஷன் தொடங்கவே தொடங்காது.

"கொடைக்கானல் போய் வந்தேனே, அது போதாதா?" என்று கேட்கலாம். ஏறும்போது புகை நன்றாகச் சூடேறும். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம், டீசலே போவதில்லை, குழாய் ஆறிவிடுகிறது. மலையில் நெடுநேரம் ஓட்டிய கணக்கில் பாதிதான் இந்த வேலைக்கு உதவும்.

வேலை நடக்கும்போது நிறுத்திவிடுவதுதான் அடுத்த சிக்கல். கரி எரிந்துகொண்டிருப்பதற்கு அடையாளங்கள் உண்டு: நின்றிருக்கும்போது இன்ஜின் சுற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும், மைலேஜ் குறையும், வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடும். இவற்றைக் கண்டால் வீடு வந்துவிட்டாலும் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அடிக்கடி பாதியில் நிறுத்தினால், கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், நீர்த்துப்போன ஆயில் அது, உடனே மாற்ற வேண்டும். இன்னொன்று: நம் பக்கம் சோளத்தட்டையும் தானியமும் சாலையிலேயே காயும். சூடான அந்தக் குழாயோடு காய்ந்த தட்டையின் மேலோ புல்லின் மேலோ காரை நிறுத்தவே கூடாது.

ஓட்டியும் விளக்கு திரும்பத் திரும்ப வருகிறதா? இழுவை குறைந்து இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிகிறதா? இனி ஓட்டிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். அங்கே ஸ்கேனர் மாட்டி, நின்ற இடத்திலேயே கரியை எரிக்க முடியும். அதற்கு முன் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் எரியவில்லை?" என்பது. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் காத்துக்கொண்டே இருக்கும். ஃபில்டரின் இருபுற அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அளவு தப்பாக வரும். இஜிஆர் வால்வு சிக்கினாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும், டர்போ ஹோஸில் காற்று கசிந்தாலும் கரி மிதமிஞ்சிச் சேரும். இதையெல்லாம் பார்க்காமல் புது ஃபில்டர் மாட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

சிலர் ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் அப்பாவின் முன்னே நின்றுகொண்டு வரும் குழந்தையின் மூக்கு, நம் சைலன்சரிலிருந்து எவ்வளவு தூரம்?

கரி எரிந்தாலும், ஃபில்டரில் சேரும் சாம்பல் மட்டும் எரியாது. அது டீசலிலிருந்து வருவதைவிட இன்ஜின் ஆயிலில் கலந்துள்ள உப்புப் பொருள்களிலிருந்து வருவதுதான் அதிகம். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டிவருவது இந்தச் சாம்பலால்தான். குறைந்த சாம்பல் தரும் ஆயில் என்றே தனியாக விற்கிறது. அடுத்த சர்வீஸில் ஆயில் டப்பாவை வாங்கி, காரின் கையேட்டில் உள்ள அதே குறியீடு அதிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.