கேள்வி புரியலை சார்

இடைவேளைத் தேநீரின்போது ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "பையனுக்குக் கணக்கு நல்லா வருது சார். வாக்கியமா கேட்டாதான் முழிக்கிறான். வாசிப்பெல்லாம் தமிழ் ஐயாதான் பார்க்கணும்."

பையன் முழித்த கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்: '7-ஐ ஓர் எண்ணின் இருமடங்கிலிருந்து கழித்தால் 15 கிடைக்கும்.' பையன் 7 - 2x = 15 என்று எழுதியிருந்தான். வரியில் 7 முதலில் வந்தது, அதனால் முதலில் எழுதிவிட்டான். கதை வாசித்துப் பழகிய கண் அப்படித்தான் போகும். இங்கே எதை முதலில் எழுதுவது என்று சொல்வது 'இலிருந்து' என்ற உருபு. அது ஐந்தாம் வேற்றுமை என்று தமிழ் ஐயா சொல்லியிருப்பார். அது ஒட்டிய சொல் கழித்தல் குறிக்கு இடப்பக்கம் போகும் என்பதைக் கணக்கு வகுப்பில்தானே சொல்ல முடியும்?

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளின் அடிப்படை வாசிப்பைக் கையில் எடுத்தது. மிக நல்ல காரியம். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஆறாம் வகுப்பில் புதிய சிக்கல் வருகிறது. ஒவ்வொரு பாடநூலும் ஒவ்வொரு விதமாகப் பேசுகிறது.

அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லில் பிள்ளை தடுக்கி நிற்கும், பொருள் கேட்கும். 'எடை' என்ற சொல்லில் நிற்காது. மளிகைக் கடையில் தினமும் கேட்கிற சொல்லாயிற்றே! கடையில் எடை ஒரு கிலோ. புத்தகத்திலோ கிலோகிராம் நிறையின் அலகு. எடை என்பது புவி இழுக்கும் விசை, அதன் அலகு நியூட்டன். தெரிந்த சொல்தான் பிள்ளையை அதிகம் ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம்.

வரலாற்றில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. 1806-இல் வேலூரில் நடந்ததை ஒருவர் கலகம் என்கிறார், இன்னொருவர் புரட்சி என்கிறார். இருவரும் யார் பக்கம் நின்று பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு பாடத்தையும் அதற்கேற்ப வாசிக்கக் கற்றுத்தரத் தனிப் பாடவேளை தேவையில்லை. ஒரு பத்தியை ஆசிரியரே உரக்க வாசித்து, தன் மனம் தயங்கும் இடத்தில் வாய்விட்டுத் தயங்க வேண்டும். "'இதனால்' என்று வந்திருக்கிறது. எதனால்? மேல்வரிக்குப் போகிறேன்." "படம் 3-ஐப் பார் என்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்." ஐந்து நிமிடம் போதும். நல்ல வாசகரின் தலைக்குள் நடப்பதைப் பிள்ளைகள் வேறெங்கே பார்ப்பார்கள்?

அடுத்த வாரம் அந்த ஆசிரியர் 'இலிருந்து' வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போடச் சொன்னார். பையன் 2x - 7 = 15 என்று எழுதினான். விடை 11.