முதல் மகிழ்வோட்டம்

கெடாவில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்று காலை பாலிங் நகரில் ஒரு மகிழ்வோட்டம் தொடங்குவதாகக் கொள்வோம். குனோங் பாலிங் சுண்ணாம்புக் குன்றின்மேல் பனி இன்னும் விலகவில்லை. ஊதல் ஒலித்ததும் பழகியவர்கள் பாய்கிறார்கள். புதியவரும் அவர்களைத் துரத்துகிறார். ஐந்நூறு மீட்டருக்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

இதற்குக் காரணம் உடல் பலவீனம் மட்டுமன்று. ஓடத் தொடங்கியதும் கால் தசைகளுக்கு அதிக உயிர்வளி தேவைப்படுகிறது. அத்தேவைக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் வேகமெடுத்தால் கால்கள் கனக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் வியர்வையும் எளிதில் உலராது. உடல் விரைவில் சூடேறும்.

ஆகவே, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே புதியவருக்கு ஏற்றது. பேச்சு தடைப்பட்டால் சிறிது நடக்கலாம். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செல்வதும் நல்ல முறைதான். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று உதவி கேட்க வேண்டும். அங்கே பிடிவாதம் கூடாது.

பின்தங்குவதற்கு வெட்கம் எதற்கு? 1938இல் கோலாலம்பூரில் தோன்றிய 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' ஓட்டக் குழுவினர் காகிதத் துண்டுகளைத் தூவி வழி காட்டினர். இடையிடையே பொய்த்தடங்களும் இருக்கும். முன்னே ஓடியவர்கள் சரியான வழியைத் தேடித் திண்டாடும்போது, மெதுவாக வந்தவர்கள் அவர்களை எட்டிவிடுவார்கள்!

நகரச் சாலையில் பொய்த்தடம் கிடையாது. எனினும், நிதானமாக ஓடும் புதியவர், தொடக்கத்தில் பாய்ந்து களைத்த சிலரை வழியில் கடந்து செல்லக்கூடும்.