பறவைக் கண்ணுக்குள் ஒரு சீப்பு

சீப்பின் பற்களைப் போல வரிசையாக அமைந்த பல உறுப்புகளுக்கு உடற்கூற்றியலார் ‘பெக்டன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீனில் சீப்புக்கு அதுதான் சொல். இவற்றில் பெரும் புதிர் பறவையின் கண்ணுக்குள் இருக்கிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் வேர்கொண்டு, கண்ணை நிறைத்திருக்கும் கூழுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது இந்தக் கரிய, மடிப்பு மடிப்பான சவ்வு. கோழிக் கண்ணில் ஏறக்குறைய 17 மடிப்புகள். கூர்மையான பார்வைக்குப் பேர்போன பறவைக்கு, ஒளி நுழையும் அறைக்குள்ளேயே இப்படியொரு தடுப்பு எதற்கு? இதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. விழித்திரைக்கு ஊட்டம் தருவதே அதன் முதன்மையான வேலை என்ற விளக்கத்துக்குத்தான் சான்றுகள் வலுவாக இருக்கின்றன.

நம் விழித்திரையின் மேல் இரத்தக் குழாய்கள் கிளை பரப்பியிருக்கின்றன. ஒளி அவற்றைக் கடந்துதான் உணர்செல்களை எட்ட வேண்டும். பறவையின் விழித்திரையில் இரத்தக் குழாயே கிடையாது. பின்னாலுள்ள படலம் அதன் வெளிப்புற அடுக்குகளைக் கவனித்துக்கொள்ளும். உள் அடுக்குகளுக்கு யார் ஊட்டுவது? பெக்டன் முழுக்க நுண்குழாய்கள். அவற்றிலிருந்து ஊட்டம் விழித்திரைக்குச் செல்வதை, பெட்டிகுரூ, வால்மன், வில்ட்சூட் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு கண்முன் காட்டியது. பறவையின் விழி ஒவ்வொரு முறை வெட்டித் திரும்பும்போதும் சிறு அதிர்வுகளாக ஆடுகிறது. இரத்தத்தில் செலுத்திய ஒளிரும் சாயம், அந்த ஆட்டத்தில் பெக்டனிலிருந்து விழித்திரையை நோக்கி விசிறப்பட்டது. பார்க்கும் செயலே ஊட்டும் செயலாகவும் ஆகிவிடுகிறது.

பெக்டன் பார்வையை மறைக்காதா என்றால், அது முளைத்திருப்பது ஏற்கெனவே ஒளியுணர்வு இல்லாத குருட்டுப் புள்ளியின் மேல், இழப்பு சொற்பம். அதன் நிழல் அசைவுகளைக் கண்டறிய உதவுகிறது என்ற கருத்தும் உண்டு. உதவலாம், ஆனால் நிழல் விழக் கறுப்பு நிறம் மட்டும் போதுமே, இத்தனை குழாய்களும் மடிப்புகளும் எதற்கு? மடிப்பு கூடக்கூட இரத்தம் பரிமாறும் பரப்பும் கூடும். பகலில் சுறுசுறுப்பாக இயங்கும் பறவைகளில் மடிப்புகள் மிகுதியாகவும், இரவில் திரியும் ஆந்தைகளில் குறைவாகவும் இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

நம் வகுப்புகளில் கண் என்றால் பெரும்பாலும் மனிதக் கண்ணின் படம்தான். மற்ற உயிர்களின் கண்கள் அதன் குறைப்பதிப்புகள் போலப் பேசப்படுகின்றன. மனிதக் கண்ணை அளவுகோலாக்கினால் பெக்டன் ஒரு தடுப்பு. பறவைக் கண்ணை அளவுகோலாக்கினால் நம் இரத்தக் குழாய்களே தடுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால், உறுப்பின் பெயரை மனப்பாடம் செய்யும் பிள்ளை அதன் காரணத்தையும் கேட்கத் தொடங்கும்.