முதலில் யாரைக் காப்பது?

பேருந்து ஒன்று கவிழ்ந்து முப்பது பேர் காயமுற்றுக் கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்து சேர்ந்ததோ ஒரே ஒரு ஆம்புலன்ஸ். யாரை முதலில் தூக்குவது? உரக்க அலறுபவரை என்றுதான் நம் மனம் சொல்லும். ஆனால் அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. ஓசையின்றிக் கிடப்பவருக்கே ஆபத்து அதிகமாயிருக்கலாம் அல்லவா?

இதற்கு ஒரு முறை வகுத்த முன்னோடி, நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே. பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே அவர் சிகிச்சை அளித்தார். பகைவரின் வீரர்களையும் அவர் ஒதுக்கவில்லை. இம்முறைக்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. அரிசியில் கல் பொறுக்குவது நமக்குப் பழக்கமான வேலைதான். இங்கே பிரிக்கப்படுவது மனிதர் என்னும்போது நெஞ்சம் திடுக்கிடுகிறது.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'ஸ்டார்ட்' என்னும் எளிய முறை உருவாயிற்று. எழுந்து நடக்கக் கூடியவருக்குப் பச்சை அட்டை. நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைச் செய்ய இயலாவிட்டாலோ சிவப்பு. சற்றுப் பொறுக்கக் கூடியவருக்கு மஞ்சள். மூச்சுப் பாதையைத் திறந்துவிட்ட பின்னும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. அவரிடமே நின்றுவிட்டால், பக்கத்தில் இரத்தம் பெருகிக் கிடப்பவரும் இறந்துவிடுவார். இந்த அட்டையைக் கட்டும் கை எப்படி நடுங்கும்!

மின்னல் தாக்கிய இடத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே மூச்சுள்ளவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். ஆகவே இறந்தவர்போல் கிடப்பவரையே முதலில் கவனிக்கிறார்கள்; உடனே செயற்கைச் சுவாசம் தந்து மார்பை அழுத்தினால் அவர் மீளக்கூடும்.

2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் இத்தாலியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதவில்லை. தேவைப்பட்டால் வயது வரம்பு வைக்க நேரலாம் என்று அந்நாட்டு மயக்கவியல் மருத்துவர் சங்கம் கூறியது. நம் வீட்டுத் தாத்தா பாட்டியை நினைத்தால் இதை ஏற்க நமக்கு மனம் வரவில்லை. பிழைக்கும் வாய்ப்பு இருவருக்கும் சமமானால் சீட்டுக் குலுக்கலாம் என்று அவ்வாண்டில் சில அறிஞர்கள் எழுதினர். முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதானே நியாயம் என்று எங்கள் வகுப்பில் வாதாடினோம். அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது: மருத்துவமனைக்குத் தொலைவில் வாழ்பவர் எவ்வளவு விரைந்து வந்தாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.