தாய் மனசில் விழுந்த சந்தேகம்

"கடைசி வரைக்கும் பார்த்தாச்சு. கொலை செஞ்சது அந்தப் பையனா, இல்லையா? அதைச் சொல்லாமலே முடிச்சுட்டாங்களே!" என்று 'டிஃபெண்டிங் ஜேக்கப்' தொடரைப் பார்த்த சிநேகிதிகள் அங்கலாய்க்கிறார்கள். வில்லியம் லாண்டே 2012-ல் வெளியிட்ட நாவல், 2020-ல் ஆப்பிள் டிவி பிளஸில் 8 பகுதிகளாக வந்தது.

கதை அமெரிக்காவின் நியூட்டன் நகரில் நடக்கிறது. ஆண்டி அரசு வக்கீல். அவர் மனைவி லாரி. 14 வயது மகன் ஜேக்கப். கூடப் படித்த பையன் பூங்காவில் குத்திக் கொல்லப்படுகிறான். அவன் உடையில் ஜேக்கப்பின் கைரேகை! வழக்கு நடக்கும்போதே வேறொருவன் பழியை ஏற்றுக் கடிதம் எழுதி வைத்துவிட்டு இறந்துபோக, வழக்கு கைவிடப்படுகிறது. அது மிரட்டி வாங்கிய கடிதம் என்று பிறகு ஆண்டிக்குத் தெரிகிறது.

கடிதம் பொய் என்பதால் ஜேக்கப் கொலைகாரன் ஆகிவிட மாட்டான். வழக்கு போனதால் நிரபராதி என்றும் ஆகிவிடாது. கோர்ட்டு கட்டை மூடி வைத்துவிடலாம். பெற்றவளால் முடியுமா?

என் கருத்தில், முடிவின் சூட்சுமம் கணவன் மறைத்தவற்றில் இருக்கிறது. தன் தகப்பன் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பதைப் பல வருஷம் மனைவியிடம் சொல்லவில்லை ஆண்டி. மகன் அறையில் கிடைத்த கத்தியை ரகசியமாக அப்புறப்படுத்தினார். கடிதத்தின் உண்மையையும் காலம் கடந்துதான் சொன்னார். அதற்குள் லாரியின் மனசு புண்ணாகிவிட்டது. காரை ஓட்டியபடி, "நீதான் செஞ்சியா?" என்று மகனைத் துளைக்கிறாள், காரைச் சுவரில் மோதுகிறாள். நாவலில் மகன் இறந்துவிடுகிறான். தொடரில் இருவருமே பிழைக்கிறார்கள். ஆனால் அவன் நினைவின்றிக் கிடக்கிறான். விசாரணையில் ஆண்டி, "அது விபத்து" என்கிறார். மறுபடியும் மூடி மறைப்பு!

ஆகவே, 'யார் கொலையாளி?' என்பதற்கு விடை தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சகோதரிகளே. 'அவளுக்கு மனசு கஷ்டப்படும்' என்று பெண்டாட்டியிடம் மறைப்பதைப் பாசம் என்றே பல வீடுகளில் நினைக்கிறோம். மறைத்த விஷயத்தைவிட, மறைத்தார்கள் என்பதுதான் அவளை அதிகம் அரிக்கும். பிள்ளையைப் பற்றிய கவலை எதுவானாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அன்றன்றைக்கே பேசிவிடுவது நல்லது.