அப்பா மறந்தாலும் விசிறி சுழல வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கார்தான். 1999-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. அதற்கு ஒரு விசித்திரமான நோய் இருந்தது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்களில் மட்டும் இயந்திரம் சூடாகும். மற்ற நாள்களில் எந்தத் தொல்லையும் தராது.

அந்த மூன்று நாள்களும் பாட்டிக்கு டயாலிசிஸ் நாள்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மையத்திலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஐந்தரை மணிக்குத் திரும்ப வேண்டும். பத்து தீகாவை நெருங்கும்போது வாகனங்கள் ஊர்ந்து செல்லும். அப்போதுதான் வெப்பமானி முள் மெல்ல மேலே ஏறும். “பாட்டிக்கும் காருக்கும் ஆகாது போல” என்று அப்பா சிரிப்பார். ஆனால், கண் மட்டும் முள்ளை விட்டு நகராது.

தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போனோம். ரேடியேட்டர் விசிறி சரியாகச் சுழலவில்லை என்றார் அங்கிருந்த மெக்கானிக் மாமா. “டைரெக்ட் பண்ணிடலாம் தம்பி. சாவி போட்டா விசிறி சுத்தும், சாவி எடுத்தா நிக்கும். அஞ்சு நிமிஷ வேலை” என்றார். பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. “நானே செய்கிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

நான் செய்த ‘முன்னேற்றம்’

விசிறிக்குப் போகும் பழைய இணைப்பைக் கழற்றினேன். பேட்டரியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே ஒரு சிறிய சுவிட்சைப் பொருத்தி, அங்கிருந்து விசிறிக்குக் கொண்டு போனேன். சுவிட்சைத் தட்டினால் விசிறி சுழலும். நெரிசல் வரும்போது போட்டுக்கொள்ளலாம், நகர்ந்ததும் நிறுத்திவிடலாம். நான் ஓட்டிய நாள்களில் எல்லாம் சரியாகவே நடந்தது. சுவிட்ச் தொட்டால் கொஞ்சம் சுட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் எனக்குத் தேர்வு. அப்பா ஓட்டினார். நாள் முழுவதும் வேலை செய்த களைப்பு, பின்னிருக்கையில் சோர்ந்து கிடக்கும் அம்மா, முன்னால் நெரிசல். சுவிட்ச் நினைவுக்கு வரவில்லை. முள் சிவப்பைத் தொட்டு, முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்த பிறகுதான் ஓரமாக நிறுத்தினார். இயந்திரம் ஆறும் வரை ஒரு மணி நேரம் பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது இவ்வளவுதான்: “சுவிட்ச போட மறந்துட்டேன்பா.”

அவர் மறந்தது தவறே அல்ல. மறந்தால் இயந்திரமே போய்விடும்படி காரை மாற்றி வைத்தது என் தவறு. நல்ல வேளையாக ஹெட் கேஸ்கெட் தப்பியது. அது போயிருந்தால் பழுதுபார்க்கும் செலவைவிட, அடுத்த டயாலிசிஸுக்கு எப்படிப் போவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்திருக்கும்.

விசிறி எப்போது தேவை?

எரிபொருள் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்டில் கலக்கிறது. ரேடியேட்டர் அதைக் காற்றில் விடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்றே போதும். அப்போது விசிறிக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. கார் நின்றுவிட்டால் காற்று இல்லை. விசிறிதான் இழுக்க வேண்டும்.

இதிலிருந்தே ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. நெரிசலில் மட்டும் சூடானால் விசிறியையும் அதன் மின்சுற்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். வேகமாக ஓடும்போதும் சூடானால் விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலன்ட் கசிவு, அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், பழுதான நீர்ப் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எங்கள் கார் போன்ற பழைய கார்களில், ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்ச் என்ற சிறிய பாகம் இருக்கும். கூலன்ட் குறிப்பிட்ட வெப்பத்தை எட்டியதும் உள்ளே இரு முனைகள் இணையும். ரிலே இயங்கும். விசிறி சுழலும்.

மைலோ டின்னில் கிடைத்த விடை

சாலையோரச் சம்பவத்துக்குப் பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பழைய இணைப்புகளை மீண்டும் பொருத்தினேன். இயந்திரம் ஆறியிருந்தபோது சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, தெர்மோ சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, கம்பிப் பக்கத்து இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தேன். விசிறி உடனே சுழன்றது. அப்படியானால் விசிறி, ரிலே, ஃபியூஸ் எல்லாம் நலம். சுவிட்ச்தான் நோயாளி.

அதைக் கழற்றிச் சோதிக்க அம்மா பாத்திரம் தர மறுத்தார். பழைய மைலோ டின் கிடைத்தது. தண்ணீரில் சுவிட்சின் உலோக முனையையும் வெப்பமானியையும் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை இணைத்து அடுப்பைப் பற்ற வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பழைய சுவிட்ச் இணையவில்லை. 25 ரிங்கிட்டுக்கு வாங்கிய புதிய சுவிட்ச் 86 டிகிரி செல்சியஸில் இணைந்தது.

பாட்டி வரும் நாள்களில் மட்டும் சூடானதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. டயாலிசிஸ் முடிந்தால் பாட்டிக்குக் குளிர் தாங்காது. அன்று மட்டும் நாங்கள் ஏர்கோன் போடுவதில்லை. எங்கள் காரில் ஏர்கோன் ஓடினால் ரேடியேட்டர் விசிறிக்கும் தனியாக ஒரு கட்டளை போகும். மற்ற நாள்களில் அந்த இரண்டாவது வழியே செத்துப்போன தெர்மோ சுவிட்சை மறைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்த பாடம்

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் இரண்டு பல்புகளை வைத்துத் தொடர் சுற்றும் இணைச் சுற்றும் செய்தது நினைவிருக்கிறதா? தொடர் சுற்றில் ஒன்று துண்டித்தால் எல்லாம் அணையும். இணைச் சுற்றில் ஒன்று போனாலும் மற்றது எரியும்.

சுவிட்சுகளுக்கும் அதே விதிதான். தெர்மோ சுவிட்சையும் கைச் சுவிட்சையும் தொடராக இணைத்தால், இரண்டும் இணைந்தால்தான் விசிறி சுழலும். இணையாக இணைத்தால் எந்த ஒன்று போதும். நான் முதலில் செய்தது இரண்டையும்விட மோசம். தானாக இயங்கும் வழிகளையெல்லாம் எடுத்துவிட்டு, மனித நினைவாற்றலை மட்டும் விட்டு வைத்தேன்.

இப்போது எங்கள் காரில் கைச் சுவிட்ச் இன்னமும் இருக்கிறது. ஆனால், தெர்மோ சுவிட்சுக்கு இணையாக இருக்கிறது. ரிலே சுருளிலிருந்து தெர்மோ சுவிட்சுக்கு வரும் கம்பியில் ஒரு கிளை எடுத்து, கைச் சுவிட்ச் வழியாகக் காரின் உலோக உடலோடு இணைத்தேன். வேலை அவ்வளவுதான். நெரிசல் வரப்போவது தெரிந்தால் முன்கூட்டியே விசிறியைப் போடலாம். மறந்தால் வெப்பம் ஏறியதும் அது தானாகவே சுழலும்.

ஆனால், ஃபியூஸ் மட்டும் தொடரில்தான் இருக்க வேண்டும். கம்பியில் கோளாறு வந்தால் மின்சாரம் மொத்தமாக நிற்பதுதான் பாதுகாப்பு. எது நிற்கக் கூடாதோ அதற்கு இணை வழி, எது நிறுத்த வேண்டுமோ அதற்குத் தொடர் வழி.

ரிலே ஏன்?

என் சுவிட்ச் ஏன் சுட்டது? 80 வாட் விசிறியை 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 6.7 ஆம்பியர். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் சில மடங்கு பாயும். மெல்லிய கம்பியும் சிறிய சுவிட்சும் அதைத் தாங்காது. ஆனால், ரிலேயின் சுருளுக்கு 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும். சிறிய சுவிட்ச் அந்தச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் சுமக்கும். பெரிய மின்னோட்டத்தை ரிலே பார்த்துக்கொள்ளும்.

ரிலே இல்லாத காரில் புதிதாகப் பொருத்துவதானால், சாதாரண நான்கு முனை ரிலேயில் எண்கள் இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து விசிறிக்கு. சாவி போட்டால் மின்சாரம் வரும் கம்பி 86-க்கு. 85-லிருந்து சுவிட்சுகள் வழியாகக் காரின் உடலுக்கு. 80 வாட் விசிறிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். ஃபியூஸை பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். அதற்கு முன்னால் உள்ள கம்பிக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

87-லிருந்து ஒரு கிலோ ஓம் மின்தடையோடு ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கையும் ஓட்டுநர் பார்வையில் பொருத்தினேன். விசிறிக்கு மின்சாரம் போகிறதா என்பதை அது காட்டும். முள் ஏறியும் விளக்கு எரியாவிட்டால் கவனிக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும்.

இரண்டு விசிறி, இரண்டு வேகம்

இரண்டு விசிறிகள் உள்ள சில கார்களில் தயாரிப்பாளர்களே இந்தப் பாடத்தைப் பயன்படுத்துகிறார்கள். குறைந்த வேகத்துக்கு இரண்டையும் தொடராக இணைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பாதி மின்னழுத்தம் கிடைக்கும். சத்தம் குறையும். வெப்பம் கூடினால் ரிலேக்கள் அவற்றை இணையாக மாற்றி முழு வேகம் தரும். தொடரில் இருக்கும்போது ஒரு விசிறி எரிந்து துண்டித்தால் மற்றதும் நிற்கும். அதனால் இதை வீட்டில் செய்ய விரும்புபவர்கள், இணை நிலைக்கு மாறும் வழியைக் கட்டாயம் தானியங்கியாக வைக்க வேண்டும்.

மெக்கானிக் மாமா சொன்ன ‘டைரெக்ட்’ முறையைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் செய்ததைவிட அது பாதுகாப்பானது. யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிக் குளிர்ந்தும் போகாது. ஆனால், விசிறி மோட்டார் ஓயாமல் ஓடித் தேயும். மின்னாக்கிக்குச் சுமை கூடும். உண்மையான பழுதும் மறைந்தே இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை மட்டும் ஏற்கவே முடியாது. இயந்திரம் சரியான வெப்பத்தை எட்டாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும்.

கை வைக்கும் முன்

பேட்டரியின் எதிர்மறை முனையைக் கழற்றிவிட்டுக் கம்பி வேலையைத் தொடங்குங்கள். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் விசிறி திடீரெனச் சுழலும், விரல்கள் பத்திரம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு அடிக்கும். சிந்திய கூலன்டைத் துடைத்துவிடுங்கள். அது இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. விசிறியைக் கணினியே கட்டுப்படுத்தும் புதிய கார்களிலும், உத்தரவாதக் காலம் முடியாத கார்களிலும் கம்பியை வெட்டாதீர்கள்.

பாதுகாப்புக்கு ஒரு வழியைக் கூட்டும் மாற்றமா, இருக்கும் வழியைக் குறைக்கும் மாற்றமா என்று ஸ்குரூடிரைவரை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, பாட்டி சாலையோரத்தில் உட்கார நேர்ந்தது.

போன வாரமும் பத்து தீகாவில் நெரிசல்தான். முள் நடுவிலேயே நின்றது. அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு இன்னமும் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.